பத்து நிமிடப் பகிடி

ஆண்டு விழாவில் பெரிய நாடகத்துக்குச் சீன் மாற்ற, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துப் பெடியளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடமும் சனம் எழும்பிப் போகாமல் ஒருவன் மைக்குக்கு முன்னால் நின்று பிடிக்க வேண்டும். 1978இல் அது நான். வயது பதினேழு.

பீப்பாக்களின் மேல் பலகை அடுக்கினால் மேடை. வீடு வீடாக வாங்கிய சேலைகள் பக்கத்திரை. முன்னால் பாயில் ஆச்சிமார், பிள்ளைகள். வேலியோரம் சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி இளந்தாரிகள். நோட்டீசில் 'தனிநடிப்பு' என்று போட்டிருப்பார்கள்.

வடமராட்சியில் தனிநடிப்பு என்றாலே கரவெட்டி கே. எஸ். பாலச்சந்திரன்தான். அவருடைய 'அண்ணை றைற்'றில் மேடையில் பஸ்ஸும் இல்லை, ஆசனமும் இல்லை. ஒரே ஒரு கொண்டக்டர். அவர் கதைக்கக் கதைக்க, ஏறுகிறவர்களும் நெருக்குப்படுகிறவர்களும் எங்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். என்னைப் போன்ற பல பெடியள் அவரைப் பார்த்துத்தான் மேடை ஏறினார்கள்.

நான் எடுத்துக்கொண்டது மீன்சந்தை. சனம் சிரித்தது. ஆனால் விழா முடிந்து பாய் சுருட்டும்போது, சந்தையில் சூடை விற்கிற ஆச்சி ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் செய்தாய் மோனை. ஆனா நாங்கள் எடுத்த உடனை விலை சொல்லமாட்டம். வாற ஆளின்ரை கையைப் பாப்பம். பையோ கடகமோ எண்டு பாத்துத்தான் வாய் திறப்பம்."

அடுத்த வருடம் அதையே செய்தேன். வராத ஆளின் கையை ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தேன். நான் வாய் திறக்க முன்னமே முன்வரிசை சிரித்தது. எனக்குக் கிடைத்த ஒரே நாடகப் பயிற்சி அந்த ஆச்சி தந்ததுதான்.

1990இல் போரால் யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில் இரவு மேடைக்கு எங்கே போவது? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது, எங்கள் சனசமூக நிலையத்தில் நாடகம் போட்ட இடத்தில் குடும்பங்கள் படுத்தன. பகிடி விட்டவர்கள் பலர் கடல் கடந்தார்கள். பாலச்சந்திரனும் கனடாவுக்குப் போய், 2014இல் அங்கேயே காலமானார்.

போன வருடம் மருமகன் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். நாற்பது பிளாஸ்டிக் கதிரை, வயரில்லாத மைக். "மாமா, இதுக்குப் பேர் ஸ்டாண்ட் அப். உங்கடை காலத்திலை இல்லை" என்றான். மேடையில் அவனே ஏறினான். சென்னைப் பேச்சில் தொடங்கி, ஆட்டோவையும் ஐடி கம்பெனியையும் பற்றிச் சொன்னான். யூடியூப்பில் கேட்டுப் பழகியது. கதிரைகள் மரியாதைக்குச் சிரித்தன.

பிறகு தன் அப்பம்மாவின் கதைக்கு வந்தான். கனடாவிலிருந்து மகன் வீடியோவில் எடுப்பான்; மனுசி போனைக் காதோடு அமர்த்திப் பிடித்துக்கொள்ளும். மகனுக்குத் திரை முழுக்கத் தெரிவது தோடு மட்டும். "அம்மா, முகத்தைக் காட்டணை!" என்று அவன் கத்த, "ஏன் மோனை, கேக்கேல்லையே?" என்று மனுசி இன்னும் இறுக்கி அமர்த்தும். இதை அவன் வீட்டுப் பேச்சிலேயே சொன்னான். மண்டபம் அதிர்ந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவருக்கும் ஒரு மகன் தூரத்தில் இருக்கிறான் போலும்.

அவனிடம் திறமை இருக்கிறது. அவனுக்கு இல்லாதது பாய் சுருட்டும் நேரத்தில் பிழை சொல்லித் திருத்துகிற ஆச்சி. நாற்பது கதிரையிலும் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அவன் வயதுக்காரர்தான். பகிடி சரியோ பிழையோ, கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சனசமூக நிலையத்துக்காரரிடமும் விளையாட்டுக் கழகத்துக்காரரிடமும் கேட்பது இதுதான்: இந்த வருட ஆண்டு விழாவில் ஒரு பேச்சாளரைக் குறையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை உங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்கோ பெட்டை ஒருத்திக்கோ கொடுங்கள். முன்வரிசையில் ஆச்சிமாரை இருத்துங்கள்.