மகிழ்ச்சி கட்டாயம்

திங்கட்கிழமை காலை மெயிலைத் திறந்தால் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு படிவம். “சனிக்கிழமை டீம் அவுட்டிங்கை எவ்வளவு ரசித்தீர்கள்? ஒன்று முதல் ஐந்துக்குள் குறிப்பிடவும்.” பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் மதியத்துக்குள் நினைவூட்டல் வரும், மேனேஜருக்கும் ஒரு பிரதி போகும். கீழே பெயர், பணியாளர் எண். இவ்வளவையும் கேட்டுவிட்டு ரசித்தாயா என்றால் எவன் ஒன்று போடுவான்? நான் நாலு போட்டேன். ஐந்து போட்டால் அடுத்த மாதமே இன்னொன்று வைத்துவிடுவார்கள்.

அந்த நாலுதான் வினையாகிப் போனது. “உங்களுக்குத்தான் சார் இதுல இன்ட்ரஸ்ட் இருக்கு. அடுத்த தடவை எல்லாரும் நிஜமாவே என்ஜாய் பண்ற மாதிரி என்ன பண்ணலாம்னு ஒரு நோட் போட்டுக் குடுங்களேன்” என்றது ஹெச்.ஆர். பெண். தாராளமாகத் தரலாம். என்னிடம் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த டி-ஷர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

முதலில் சைஸ் கேட்டு கூகுள் படிவம் வரும். கல்லூரியில் மீடியம் போட்டவர்கள் எல்லாரும் இன்னும் மீடியம் என்றே எழுதுவார்கள். வயிறு என்பது ஆதார் அட்டையில் ஏறாத விவரம் அல்லவா? அடுத்து நிறத்துக்கு வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு. கறுப்புக்கும் நீலத்துக்கும் இரண்டு நாள் அடிதடி நடக்கும். ரிலீஸ் தேதிக்குக்கூட இவ்வளவு காரசாரமாக விவாதித்ததில்லை. கடைசியில் வந்து இறங்குவது ஆரஞ்சு. “வெண்டர்கிட்ட அதான் ஸ்டாக் இருந்துச்சாம்.” சைஸும் அவரிடம் இருந்ததுதான். எனக்கு வந்த மீடியத்தில் நான் மூச்சை உள்ளே இழுத்தால் மட்டுமே இருக்கலாம். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு வந்த எக்ஸ்எல் முழங்காலுக்கு இறங்கியது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் முதுகில் அவரவர் பெயர்.

போகிற வழியில் ஈசிஆரில் ஒரு பெட்ரோல் பங்கில் பஸ் நின்றது. நான் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தேன். புல்லட்டில் வந்த ஒருவர் டாங்க் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, “அண்ணே, இருநூறுக்குப் போடுங்க” என்றார். என் மார்பில் ‘ஒன் டீம் ஒன் ட்ரீம்’ என்று எழுதியிருந்ததை அவர் படித்ததாகத் தெரியவில்லை.

அவுட்டிங் ஒரு நாளில் முடிந்துவிடும். டி-ஷர்ட்டுக்கு முடிவே கிடையாது. துவைத்தால் வேட்டி காவியாகிறது. இரவில் போட்டுக்கொண்டால் புழுக்கம். சரி, ஸ்கூட்டராவது துடைக்கலாம் என்றால் அது முழுப் பாலியெஸ்டர், சொட்டுத் தண்ணீரை உறிஞ்சாது. ஆக, மனிதனுக்கும் வண்டிக்கும் உதவாத ஒரு துணியைத் தேடிப்பிடித்து அதில் கம்பெனி பெயரை அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்க இந்தச் சரக்குதான். பழைய கம்பெனிகளின் சரக்கும் அதில் சேர்த்தி. அதில் ஒன்று மாமனாருக்குப் பிடித்துப்போய்விட்டது. தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வாக்கிங், ரேஷன் கடை, பிரதோஷம் எல்லாம். முதுகில் பெரிய எழுத்தில், ‘ஐ ஆம் ஏஐ ரெடி’. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திறக்க அவருக்குப் பேரன் வரவேண்டும்.

எங்கே விட்டேன்? யோசனைகள். அதற்கு முன்னால் அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட். இறங்கியதும் மைக்கோடு ஒரு இளைஞர். “குட் மார்னிங்!” நாங்களும் சொன்னோம். “கேக்கலையே!” மறுபடி சொன்னோம். “எனர்ஜி பத்தலையே!” காலை ஐந்தரைக்குத் துரைப்பாக்கத்தில் பஸ் ஏற்றி, காபியைக் கண்ணில் காட்டாமல் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம் எனர்ஜி எங்கிருந்து வரும்? மூன்றாவது தடவை நாங்கள் போட்ட சத்தத்தில் கோபம்தான் இருந்தது. அவர் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு கண்ணைக் கட்டி நடத்தினார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள். பதினொன்றரை மணி வெயிலில், கொதிக்கிற மணலில் கயிறு இழுக்கும் போட்டி. ‘குழுவாகச் சேர்ந்தால் பலம் பெருகும்’ என்று அந்த மைக் இளைஞர் விளக்கினார். பிரான்ஸில் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற விவசாயப் பொறியியல் பேராசிரியர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தே பார்த்திருக்கிறார். 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுப்பது குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் கயிற்றில் சேர்கிறது. கருவியே வேண்டாம், அன்று என் முன்னால் நின்ற டெலிவரி மேனேஜரைப் பார்த்தாலே போதும். பல்லைக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், “ஹேய், ஹேய்” என்று குரல் கொடுத்தார். கயிறு மட்டும் அவர் விரல்களுக்கிடையில் தொய்வாக ஓடிக்கொண்டிருந்தது. ப்ராஜெக்டிலும் இதே உத்திதான். அவருக்குத்தான் அன்றைக்கு ‘பெஸ்ட் டீம் பிளேயர்’ கோப்பை.

அதே பிரான்ஸில் ஓர் ஊழியர் கம்பெனியின் கேளிக்கைகளில் ஒட்டவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் விடாமல் வழக்காடினார். அந்தப் பணிநீக்கம் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த மனிதர் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு. நம் ஊரில் வழக்கெல்லாம் போட முடியாது, அப்ரைசல் இருக்கிறது.

ஆபீஸில் எல்லாரும் மனசாரச் சிரித்து நான் பார்ப்பது ஆயுதபூஜைக்குத்தான். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, பிரிண்டருக்கு மாலை, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம். யாரும் மைக்கில் கத்துவதில்லை. வேட்டியையும் பட்டுப்புடவையையும் அவரவர் சைஸில் அவரவரே கட்டிக்கொண்டு வருகிறார்கள். சுண்டல் யார் வீட்டுச் சுண்டல் என்ற ஆராய்ச்சியில் டெஸ்டிங்கும் டெவலப்மெண்டும் ராசியாகிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மதியம் வீட்டுக்கு விட்டுவிடுகிறார்கள்.

எனவே ஹெச்.ஆர். நண்பர்களே, இதற்குமேல் நோட் எதுவும் தேவையில்லை. எதை வைத்தாலும் வேலை நாளில் வையுங்கள். வர விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள். பசிக்கிற நேரத்துக்குச் சோறு போடுங்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். டி-ஷர்ட் காசைத் தீபாவளி போனஸில் சேர்த்துவிடுங்கள். எனர்ஜி தானாக வரும்.