நான் என்ன விருந்தாளியா?

தம்பி, நீ படிச்ச புள்ள. காந்தி ரோட்டுல மூணு மாடிக்குப் பட்டுக் கடை எழுப்பி, ஏசி போட்டு, வைஃபையும் போட்டிருக்கே. நான் தறிக்குழியில காலை விட்டுக்கிட்டே ஆயுசைக் கழிச்சவன். எனக்கு என்னா தெரியும்? இருந்தாலும் கேளு. கெழவன் பேச்சுக்கு ஜிஎஸ்டி கெடையாது.

கல்லாப்பெட்டிக்கு மேல காமாட்சியம்மன் படம் மாட்டியிருக்கே, நல்லது. அம்மன் காலடியிலயே செல்லோடேப் போட்டு ஒரு துண்டுச்சீட்டும் ஒட்டியிருக்கே. வைஃபை பேரு, பாஸ்வேர்டு, ரெண்டும் கொட்டை எழுத்துல. காஞ்சி123. திருட வர்றவன்கூடச் சிரமப்படக் கூடாதுன்னு நெனைக்கிற மனசு யாருக்கு வரும்!

உன் சங்கடமும் புரியுது. முகூர்த்தப் பட்டு எடுக்க வேன் நெறைய ஜனம் வருது. பொண்ணோட சித்தி பெங்களூர்ல, மாப்பிள்ளையோட அக்கா துபாய்ல. அவங்க வீடியோ கால்ல பார்த்துத் தலையாட்டாம புடவை மடிய மாட்டேங்குது. கடைக்குள்ள டவரும் எடுக்கல. வைஃபை இல்லேன்னா வேன் அடுத்த கடை வாசல்ல போய் நிக்கும். குடு, வேணாங்கல. ஆனா எதைக் குடுக்கிறேன்னு தெரிஞ்சு குடு.

அந்த ஒரே வைஃபையிலதான் உன் பில் கம்ப்யூட்டர், டேலி, கேமராப் பொட்டி, பிரின்டர், டிசைன் போடுற கம்ப்யூட்டர் எல்லாம் தொங்குது. போன ஆவணியில ஒரு வாண்டு அம்மா போனை நோண்ட, உன் ஆபீஸ் பிரின்டர்ல இருந்து பக்கம் பக்கமா பொம்மைப் படம் வந்து விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் சிரிச்சீங்க. அந்த வாண்டு பிரின்டர் வரைக்கும் போயிட்டான்னா, விவரம் தெரிஞ்ச ஒருத்தன் தை மாசத்துக்குன்னு நீ பூட்டி வெச்சிருக்கிற டிசைன் வரைக்கும் போக எவ்வளவு நேரமாகும்? காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, வாஸ்தவம். அது பேருக்குக் காவல். உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற யாளிக்கும் அன்னப்பட்சிக்கும் அது ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்காது.

இதுக்கு வழி உன் கடையில தொங்குற சரக்குலயே இருக்கு. கோர்வைப் புடவை நெய்யறப்ப தறி ஒண்ணுதான், நாடா மூணு. உடலுக்கு ஒண்ணு, கரைக்கு ரெண்டு. உடல் நாடா கரைக்குள்ள நுழையாது, கரை நாடா உடலுக்குள்ள வராது. எல்லையில கை கோர்த்துட்டு அதது தன் பக்கம் திரும்பிடும். உன் ரவுட்டரையும் அப்படித்தான் நெய்யணும். பொட்டி ஒண்ணு, வைஃபை ரெண்டு. விருந்தாளிக்குத் தனிப் பேரு, தனிப் பாஸ்வேர்டு. செட்டிங்குல கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டு. பெரிய கடைன்னா விலேன் போட்டுப் பிரிச்சுக் குடுன்னு ஆளைக் கேளு. கூடவே ஐசொலேஷன்னு ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டா ஒரு விருந்தாளி போன் இன்னொரு விருந்தாளி போனை எட்டிப் பார்க்க முடியாது.

சிக்கனம் பார்க்கிறேன்னு பரண்ல கெடந்த பழைய ரவுட்டரை எடுத்து, இப்ப இருக்கிறதுக்குப் பின்னாடி சொருகி, இதுதான் கெஸ்ட் வைஃபைன்னு என்கிட்ட காட்டாதே. அப்படிச் சொருகினா பின்னால இருக்கிறவன் முன்னால இருக்கிறதையெல்லாம் தொட முடியும். நம்பலேன்னா சோதிச்சுப் பாரு. உன் போனை விருந்தாளி வைஃபையில சேர்த்துட்டு, கேமராப் பொட்டியோட நம்பரை, அதான் 192.168-னு ஆரம்பிக்குமே அதை, பிரவுசர்ல போடு. கேமராவோட லாகின் பக்கம் தொறந்துச்சுன்னா நீ பிரிக்கல, பிரிச்ச மாதிரி நடிச்சிருக்கே. அந்தக் கேமராவுக்கும் வாங்கினப்ப வந்த பாஸ்வேர்டே இருக்குமே? 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் அந்த மாதிரிக் கேமராவையும் ரவுட்டரையும் லட்சக்கணக்குல பிடிச்சு அடியாளாக்கி, அமெரிக்காவுல ட்விட்டரையே முடக்கிப் போட்டுச்சு. உன் கடைக் கேமராவுக்கு வெளிநாட்டுல வேலை கெடைக்கிறது பெருமைதான். சம்பளம் உனக்கு வராது.

அடுத்தது கெடு. 2019-ல அத்தி வரதர் வந்தாரே. நாப்பது வருஷத்துக்கு ஒரு தரம் அனந்தசரஸ் குளத்துல இருந்து எழுந்தருளினவரு. ஜூலை 1-ல ஆரம்பிச்சு 48 நாள் வைபவம். இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருங்கன்னு ஐகோர்ட் வரைக்கும் போனாங்க, கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆகஸ்ட் 17 ராத்திரி பெருமாள் குளத்துக்குள்ள போயிட்டாரு. பெருமாளுக்கே கெடு உண்டு. உன் கடையிலயோ ரெண்டு வருஷம் முன்னாடி ரவிக்கைத் துணி எடுத்துட்டுப் போனவங்க போன்கூட, வாசல்ல ஆட்டோ நின்னாப் போதும், தானா உள்ள வந்து உக்காந்துக்குது. போன தீபாவளிக்கு எதிர்க்கடைக்கு மாறின உன் சேல்ஸ்மேன், அங்க உக்காந்துக்கிட்டு இன்னும் உன் வைஃபையிலதான் கிரிக்கெட் பார்க்கிறான்.

அதனால விருந்தாளிக்குக் கூப்பன் குடு. நாலு மணி நேரத்துல தானா செத்துப்போற கூப்பன். நாலு மணி நேரத்துல புடவை எடுக்காதவங்க அன்னிக்கு எடுக்கவே மாட்டாங்க. உன் ஆளுங்களுக்கு ஆளுக்கொரு லாகின் குடு, வேலையை விட்டுப் போற அன்னிக்குக் கணக்கு முடிக்கிறப்பவே அதையும் முடி. போனோட முகவரியை வெச்சுத் தடுத்துடலாம்னு உன் கம்ப்யூட்டர்காரன் சொன்னா நம்பாதே. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்து போனுங்க வைஃபைக்கு ஒரு பொய் முகவரி குடுக்கக் கத்துக்கிச்சு.

நம்ம கடையில யாரு என்னா பண்ணிடப் போறாங்கன்னு கேப்பே. 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. வெடிக்கிறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி டிவிக்காரங்களுக்கு ஒரு மெயில் போச்சு. போலீஸ் நூல் பிடிச்சுப் போயி நின்ன இடம் நவி மும்பையில ஒரு அமெரிக்கரோட வீடு. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பூட்டாத வைஃபையை வேற எவனோ பயன்படுத்திக்கிட்டான். ஆனா வீட்டுக் கதவைத் தட்டினது போலீஸ், பதில் சொன்னது அவரு. மறு வருஷம் பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை உத்தரவே போட்டுச்சு. பொது இடத்துல வைஃபை குடுத்தா, அடையாள அட்டை நகலை வாங்கி வை, இல்லேன்னா போனுக்கு எஸ்எம்எஸ்ல லாகின் அனுப்பி அந்த நம்பரை ஒரு வருஷம் வைன்னு. போன் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புறது மரியாதைக் குறைவு இல்ல தம்பி. நாளைக்குப் போலீஸ் வந்தா நீ காட்டுறதுக்கு ஒரு நோட்டு.

ஆனா அப்படி வாங்கின நம்பருக்கு மறுநாளே ஆடித் தள்ளுபடி மெசேஜ் அனுப்பாதே. எதுக்குன்னு சொல்லி வாங்கினியோ அதுக்குத்தான்னு 2023-ல தனிநபர் தரவுக்குச் சட்டமே வந்துடுச்சு. உன்னைத்தான் சொல்றேன். என் சம்சாரத்துக்கு உன் கடை மெசேஜ் தினமும் வருது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சுளுவு. ஒரு நாள் வேலை. மிச்சம் இருக்கிறதுதான் கஷ்டம். எல்லாம் பிரிச்சு, கூப்பன் அடிச்சு வெச்சுட்டு நீ உக்காந்திருப்பே. உன் மச்சான் வருவாரு. கூப்பனை நீட்டுவே. உடனே மூஞ்சி சிவந்து, “நான் என்ன விருந்தாளியா?”ன்னு கேப்பாரு. அவ்வளவுதான், முகதாட்சண்யத்துல கடைப் பாஸ்வேர்டை எடுத்துக் குடுத்துடுவே. மத்தியானம் ஆடிட்டர், சாயங்காலம் மொத்த வியாபாரி, அப்புறம் கேமரா ரிப்பேர்காரன். எல்லாருக்கும் அதே கேள்வி, உனக்கும் அதே பதில். நம்ம ஊர்ல விருந்துன்னா எல்லாரும் வருவாங்க, விருந்தாளியா இருக்க மட்டும் எவனும் சம்மதிக்க மாட்டான். அத்தி வரதர் சமயத்துலயே பார்த்தோமே, ஊர்ல முக்கால்வாசிப் பேரு விஐபி. பாஸ் இல்லாதவங்களை விஐபி வழியில விட்டதுக்கு ஒரு இன்ஸ்பெக்டரைக் கலெக்டர் வெளுத்து வாங்கின வீடியோ நாடு பூரா சுத்துச்சு.

நீ கலெக்டர் இல்ல, வியாபாரி. மச்சானை வெளுத்தா வீட்ல சோறு கெடைக்காது. அதனால இந்தக் கெழவன் சொல்றபடி செய். விருந்தாளி வைஃபைக்கு கெஸ்ட்டுன்னு பேரு வெக்காதே. “விஐபி”ன்னு வை. ஆளுக்கு அஞ்சு எம்பி வேகத்தையும் தாராளமா விடு, துபாய் அக்கா முகம் தெளிவா தெரியும். கடை வைஃபைக்குப் பாஸ்வேர்டை முழநீளத்துக்குப் போட்டு, பேரை மட்டும் “பழைய கோடவுன்”னு வை. மச்சான் வந்தா எழுந்து நின்னு, “மச்சான், உங்களுக்கு விஐபியில போட்டிருக்கேன்”னு சொல்லு. பழைய கோடவுனுக்குள்ள யாரு வரப் போறா? அதுல நீயும் உன் கணக்குப்பிள்ளையும் நிம்மதியா கணக்குப் பாருங்க.