கத்திப் பிடிக்கு ஒரு டாக்டர் பட்டம்

மெல்போர்ன்,
ஆடி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அங்கே நீங்கள், அத்தை, ஆயா, மறுதாம்புக் கரும்பு, எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இந்த ஊரில் ஆடிதான் நடுக்குளிர். அத்தை கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டு, அதற்குமேல் கோட்டு போட்டு, அதற்குமேல் போர்வையும் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிரின் மேல் பழியைப் போடுங்கள்.

போன வாரம் போனில், "உன் படிப்பு என்னன்னு டீக்கடையில கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியலையே" என்றீர்கள். "டிசைன்ல பிஎச்.டி." என்றேன். "ஜாக்கெட் டிசைனா?" என்று பின்னாலிருந்து அத்தை கேட்டதும் காதில் விழுந்தது. இல்லை அத்தை. கரும்பு வெட்டும் கத்திக்குப் பிடி செய்கிறேன். இதற்கா பிளேன் ஏறினாய் என்று மாமா முணுமுணுப்பதும் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கரும்பை மண்ணோடு ஒட்ட வெட்டச் சொல்லி ஏன் சத்தம் போடுவீர்கள்? அடிக்கரும்பில்தான் சர்க்கரை அதிகம். கட்டை உயரமாக நின்றால் எடையும் போச்சு, இனிப்பும் போச்சு. அதற்காக நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிறவர்களுக்கு முதுகும் மணிக்கட்டும் போகிறது. மணிக்கட்டை வளைக்காதே, கருவியை வளை என்பது கருவி செய்பவர்களிடையே பழைய பாடம். எவ்வளவு வளைக்கலாம்? அதிகம் வளைத்தால் அடி சறுக்கும், குறைந்தால் வலி தீராது. மேசையில் உட்கார்ந்து இதற்கு விடை எழுத முடியாது. மரத்தைச் செதுக்கிப் பிடி போட்டு, வெட்டிப் பார்த்து, திரும்பச் செதுக்கி, ஒவ்வொரு பிடியும் என்ன சொல்லிக் கொடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் பட்டம்.

செய்வது எப்படி ஆய்வாகும்? 1993இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் என்பவர் கலை, வடிவமைப்பு ஆய்வை மூன்றாகப் பிரித்தார். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கத்தியின் வரலாற்றை எழுதுவது ஒன்று, கத்தி செய்வதற்காக விவரம் திரட்டுவது ஒன்று, கத்தி செய்வதையே ஆய்வாக நடத்துவது ஒன்று. நான் மூன்றாவது ஆள். இதற்கு மெல்போர்னும் பேர்போன ஊர்தான். இங்கே ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1987இல் லியோன் வான் ஷைக் என்பவர், பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு, நீங்கள் கட்டியதையே ஆய்வாக்குங்கள் என்று தொடங்கிவைத்தார். கடைசித் தேர்வு கண்காட்சியாக நடக்கும். செய்ததையெல்லாம் அடுக்கிவைத்து, தேர்வாளர்கள் முன்னாலும் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் வாய்மொழித் தேர்வு பொதுவில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே முந்திரி பக்கோடாவும் டீயும் உண்டு. ஆராய்ச்சி மனப்பான்மையில் நாம் எவ்வளவோ மேல்.

வெள்ளைக்காரனிடம் போய்த்தான் இதைக் கற்க வேண்டுமா என்று கேட்பீர்கள். 1958இல் அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மெச்சிய பொருள் என்ன தெரியுமா? நம்ம சொம்பு! தனியொருவர் உட்கார்ந்து வரைந்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் திருத்தித் திருத்தி வந்த வடிவம் என்று வியந்தார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நாமோ சொம்பை நாட்டாமைக்குக் கொடுத்து ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிட்டோம்.

அப்படியானால் நம்ம ஆசாரிக்கு முதலில் டாக்டர் பட்டம் கொடு என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். கொடுக்கக் கூடாது மாமா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைத்திறனுக்கு மரியாதை வேறு வழியில் வர வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது சரியான மரியாதை. முனைவர் பட்டம் திறமைக்குக் கொடுப்பதல்ல. ஆசாரி என்னைவிட நூறு மடங்கு நல்ல பிடி போடுவார், ஏன் இந்த வளைவு என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார். அந்தக் கைக்குத் தெரிந்ததை இன்னொரு ஊர்க்காரன் எடுத்துப் பயன்படுத்தவும், தப்பென்றால் மறுக்கவும் தோதாக வெளியே வைக்கிறவருக்குத்தான் பட்டம். செதுக்கத் தெரியாமல் அடிக்குறிப்பு மட்டும் போடுகிறவர்களும் இங்கே உண்டு, அவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. மேற்பார்வையாளரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இந்த நாட்டின் கரும்புச் சீமை குயின்ஸ்லாந்து. அங்கே வெட்டு முழுக்க மெஷின். மொரிலியன் என்ற ஊரில் கரும்புத் தொழிலுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, கத்திக்கு இனி அங்கேதான் வேலை. "மெஷின் இருக்கக் கத்திக்கு ஏன் பிடி?" என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். மெஷின் நுழையப் பாருக்குப் பார் இடைவெளி அகலமாக வேண்டும், வயல் பெரிதாக வேண்டும், கரும்பு சாயாமல் நிற்க வேண்டும். முக்கால் ஏக்கரில் காற்றடித்துப் பின்னிக் கிடக்கும் நம் கரும்பை வந்து பார் என்பதுதான் என் பதில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களிடம் ஆய்வுக்காகக் கேள்வி கேட்க இந்த நாட்டில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது வந்துவிட்டது; ஆனாலும் நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும்வரை, "மாமா, கை வலிக்குதா?" என்று ஆய்வாளராக நான் கேட்கக் கூடாது, அக்கா மகளாகக் கேட்கலாம். அதனால் இத்துடன் தமிழில் ஒப்புதல் படிவம் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் பெயர் "பங்கேற்பாளர் 4". மூன்று பேருக்குப் பின்னால் போட்டுவிட்டாள் என்று கோபிக்காதீர்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், நம் சொந்தத்தில் வேறு எந்தக் காரியத்திலும் யாருக்கும் கிடைக்காத சலுகை இது. நீங்கள் சொல்வதைக் குறைந்தது 5 ஆண்டு நான் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். டீக்கடைக்கு இந்த விதி பொருந்தாது.

வெட்டு ஆட்களுக்கும் படித்துக் காட்டி, விருப்பம் உள்ளவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்குங்கள். மேஸ்திரியை விட்டு அதட்டி வாங்க வேண்டாம், அது செல்லாது. சைக்கிள் டியூப் சுற்றிய பழைய பிடிகளைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். பிடியையே பார்சல் போட்டுவிடாதீர்கள், மண்ணோ பூச்சியோ மரப்பட்டையோ ஒட்டியிருந்தால் இங்கே சோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் நீங்கள் யாருக்கும் அகப்பட மாட்டீர்கள் என்று தெரியும். அதற்குள் படிவங்களை அனுப்பி வையுங்கள், மாமா.

இப்படிக்கு,
அக்கா மகள்