துரைமார் பெரிய கோயில் வரையும் முறை

செலவு குறைந்த வழி, வராமலே வரைவது. 1515-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் யோர்க் ப்ராய் என்ற ஓவியர் அதைத்தான் செய்தார். வர்தேமா என்ற இத்தாலியர் கோழிக்கோட்டில் பார்த்ததாக எழுதியிருந்த சாமியை, ஊரை விட்டு நகராமல் மரக்கட்டை அச்சுக்கு வரைந்து கொடுத்தார். வந்தது சாத்தான். புத்தகம் பல பதிப்பு கண்டது. சாமி ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை.

நேரில் வந்துதான் தீருவேன் என்கிற பிடிவாதக்காரர் நீங்கள் என்றால் தாமஸ் டேனியலையும் அவர் சகோதரர் மகன் வில்லியமையும் பின்பற்றுங்கள். 1792-ல் மதராஸிலிருந்து கிளம்பிக் கன்னியாகுமரி வரை போனவர்கள், தஞ்சாவூருக்கும் வந்தார்கள். நீங்கள் ஆடிப்பெருக்குக்குப் பிறகு வாருங்கள்; குறுவைப் பச்சை கண்ணுக்கு இதமாக இருக்கும். சித்திரையில் வந்தால் வெடித்த வயலைத்தான் வரைய வேண்டியிருக்கும், அதை லண்டனில் யார் வாங்குவார்கள்?

டேனியல்கள் வைத்திருந்தது போல ஓர் இருட்டுப்பெட்டி வேண்டும். வெளியே இருப்பது ஒரு சிறு துளை வழியாக உள்ளே தாளில் விழும். அதன் மேலேயே பென்சிலை ஓட்டலாம். 216 அடி விமானம் கைக்குட்டை அளவுக்கு அடங்கிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை. மதுரையைப் பார்த்த கையோடு வந்து, வாசல் கோபுரத்தை உயர்த்திவிட்டு விமானத்தைக் குள்ளமாக்கிவிடாதீர்கள். இங்கே உயரமெல்லாம் கருவறைக்கு மேலேதான். ராஜராஜன் அப்படித்தான் கட்டினான், 1010-ல் கலசமும் வைத்துவிட்டான். இனிமேல் மாற்ற முடியாது.

ஊருக்குத் திரும்பியதும் செப்புத் தகடு. அதில் இடத்தை வலமாக்கித்தான் வரைய வேண்டும். மறந்தால் அச்சில் வடக்கு தெற்காகி, சண்டிகேசுவரர் தென்புறம் குடியேறிவிடுவார். தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டி, அமிலத்தில் முக்குங்கள். வானம் வெளுப்பாக வர வேண்டிய இடத்தில் முதலிலேயே வார்னிஷ் பூசிவிடுங்கள்; கோயிலின் நிழல் கடைசிவரை அமிலத்தில் ஊறட்டும். அச்சான பிறகு ஆள் வைத்து வண்ணம் தீட்டலாம். டேனியல்கள் இப்படி 144 தகடுகளை 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்று வெளியிட்டார்கள். கேலி ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கைகளுக்குப் பொறுமை இருந்தது, வேலை சுத்தம். நம் வீட்டு வரவேற்பறையில் இன்று மாட்டியிருப்பதும் அதன் நகல்தானே.

இனி மிக முக்கியமான வேலை: ஆட்கள். கட்டடம் எவ்வளவு பெரிது என்று தெரிய, முன்னால் நாலு பேரை எறும்பளவில் நிறுத்துங்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும், ஒருத்தி குடம் எடுக்கட்டும். அவர்களுக்கு வேலை வேண்டாம், பெயரும் வேண்டாம். கேட்டுவிட்டால் ஓலையில் எழுத வேண்டும், படம் தாமதமாகும்.

பின்னாலிருக்கும் சுவரை மட்டும் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள். அங்கே எழுத்து ஓடுகிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. இதையெல்லாம் தகட்டில் ஏற்றக் கிளம்பினால் ஆயுள் போதாது. கல் கரடுமுரடு என்று நாலு கோடு கிழித்துவிட்டு நகருங்கள். பிற்பாடு 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாளத்து அதிகாரி, அடித்தளத்துக் கல்வெட்டை 21 புகைப்படங்களாக எடுத்து, ஒரே நீளத்தில் ஒட்டினார். அதை எந்த வரவேற்பறையில் மாட்டுவது?

எல்லாம் முடிந்து பெட்டியைக் கட்டுமுன் விமானத்தின் வடபக்கம் போய்க் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தொப்பி போட்ட ஐரோப்பியர் ஒருவர் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார். நம்மூர்க் கைவேலை. அவருக்கும் பெயர் எழுதவில்லை. மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.