கறுப்பிக்கு இருப்பிடச் சான்று கோரி ஒரு விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய மேசை அவர்களுக்கு,

தங்கள் நான்கு திருவடிகளிலும் விழுந்து களமருதூர் நாயேன் எழுதிக்கொள்வது. அலுவலர் எப்போது பார்த்தாலும் 'ஃபீல்டு'க்குப் போயிருப்பதால் நாயேனுக்குப் பழக்கமெல்லாம் தங்களிடம்தான்.

சென்ற திங்கட்கிழமை என் மனுவைத் திருப்பித் தந்தீர்களே, அந்த அழகை இன்னும் மறக்க முடியவில்லை. எங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். தங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "2023 ரூல்படி பிடிச்ச எடத்துலயே திரும்ப வுடணும், தெரியுமில்ல?" என்றார். விதி தெரிந்த ஒருவரைக் கண்ட பூரிப்பில் தலையாட்டினேன். "அப்ப அது எந்த எடத்து நாய்னு ப்ரூஃப் எங்க? ஏரிக்கரைக்கு அந்தாண்ட வேற ஊராட்சி." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து யாரென்று கேட்ட குரலுக்கு அவர் சொன்ன பதில்: "ஒண்ணுமில்ல சார், நாய்க்காரன்."

ஆகவே கறுப்பிக்கு ஓர் இருப்பிடச் சான்று வேண்டும். அவள் தலை வைத்துப் படுப்பது எங்கள் ஊராட்சி. வால் கிடப்பது அடுத்த ஊராட்சி. குரைப்பது இரண்டுக்கும் பொது. கைரேகை வைக்கச் சொன்னால் வலது முன்னங்கால்தான் உண்டு. இடதை நாற்கரச் சாலை வாங்கிக்கொண்டது.

அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். பக்கத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரையும் சேர்த்து நாயன்மார் எத்தனை பேரோ அத்தனை. ஐப்பசியில் தந்த மனு அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் தை பிறந்து, ஆறு குட்டிகளும் பிறந்துவிடுகின்றன. ஆறுக்கும் இருப்பிடச் சான்று கிடையாது. கடுவன் குட்டியென்றால் கொல்லைக் காவலுக்கு யாராவது தூக்கிப்போவார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்கு மூட்டையாக விடியற்காலையில் என் வாசலுக்கு வந்துவிடும். தகரக் கொட்டகையில் இப்போது 19 உருப்படி, அதில் 14 பெட்டை. கறிக்கடையில் மிஞ்சும் கோழிக்கால், கோழித்தலை, குருணை, ஒரு சிட்டிகை மஞ்சள், தினம் ஓர் அண்டா. இது நாய் வீடா நம் வீடா என்று என் வீட்டுக்காரியும் சான்று கேட்கிறாள்.

போன மாதம் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு செவலையைக் கொண்டுவந்தார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்திருக்கிறது. கீழ்த்தாடை இல்லை. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தது. அதே வாரம் மேலத்தெருவில் பள்ளிக்கூடம் போன பிள்ளையை வேறொரு நாய் கடித்தது. கடிவாயைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து, ஊசிக்கு வண்டியில் ஏற்றிப்போனவன் நான். திரும்பி வந்தால் ஊரே என் வாசலில் நிற்கிறது, கடித்ததே நான்தான் என்பதுபோல. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? அடித்துக் கொல் என்பவனுக்கும் சோறு வைக்கும் எனக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஊசி, அறுவை. உள்ளாட்சியின் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. அது உங்கள் வேலை, என் வேலை இல்லை. செய்யாமல் உட்கார்ந்துகொண்டு, கேட்க வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும், மேசை அவர்களே. குரைத்துவிட்டேன்.

டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதியே அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றுக்கு அறுவையும் ஊசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நாட்டின் பெரிய நீதிமன்றம் தன் உத்தரவையே மாற்ற எடுத்துக்கொண்டது பதினொரு நாள். எந்த நாயிடமும் இருப்பிடச் சான்று கேட்டதாகத் தகவல் இல்லை. தங்கள் நிதானம் அவர்களுக்கு வாய்க்கவில்லை, பாவம்.

உத்தர காண்டத்தில் ஒரு கதை உண்டு, பிற்சேர்க்கை என்பார்கள். தலையில் அடித்தவன் மேல் புகார் சொல்ல ஒரு நாய் இராமன் சபைக்கே போகிறது. இருப்பிடச் சான்று அங்கேயும் கேட்கவில்லை. என்ன தண்டனை தரலாம் என்று நாயிடமே கேட்டார்கள். அவனை ஒரு மடத்துக்குத் தலைவனாக்குங்கள் என்றது. சபை விழித்தது. போன பிறவியில் நானும் அந்தப் பதவியில்தான் இருந்தேன் என்றதாம் நாய்.

தங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்குச் சீக்கிரமே பதவி உயர்வு கிடைக்க, வருகிற தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை நேர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாயேன்

இணைப்பு: கறுப்பியின் வலது முன்னங்கால் தடம், ஒன்று.