பள்ளத்தை விபத்தென்று நம்பும் கேமராவுக்காக ஒரு மனு

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: காரின் முன்கண்ணாடிக்குள்ளிருந்து சாலையைப் படம்பிடிப்போர் படும் பாடு – தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1. மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ. 2. வேகத்தடைகள் பற்றிய ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி நூல். 3. மனுதாரர்களின் மெமரி கார்டு.

ஐயா,

மனுதாரர்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், அவர்கள் யாரும் கலகக்காரர்கள் அல்லர். ஒருவர் வாடகைக் கார் ஓட்டுபவர். பின்னால் வந்து இடித்துவிட்டு முன்னால் வந்து சண்டை போடுபவர்களைச் சமாளிக்க டாஷ்கேம் ஒட்டியவர். இன்னொருவர் கோடை விடுமுறைக்கு வால்பாறை போய், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் டைம்லாப்ஸாக்கிச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பார்ப்பவர்களுக்குத் தலைசுற்ற வைத்தவர். மூன்றாமவருக்கு இந்த இரண்டு பழக்கமும் உண்டு.

முதல் புகார் சாலையைப் பற்றியதே அல்ல, கேமராவைப் பற்றியது. அது ரொம்ப வெள்ளந்தி.

டாஷ்கேம் ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாக. 64 ஜி.பி. கார்டு என்றால் ஏழெட்டு மணி நேரத்துக்குத் தாங்கும். நிரம்பியதும் மிகப் பழைய துண்டை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதும். உள்ளே ஜி-சென்சார் என்று ஒன்று உண்டு. கார் திடீரென்று அதிர்ந்தால் அது 'விபத்து' என்று முடிவுகட்டி, அந்தத் துண்டை அழிக்க முடியாதபடி பூட்டித் தனியாக வைத்துவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் வழவழப்பான சாலையை மனத்தில் வைத்து யாரோ எங்கோ செய்த ஏற்பாடு.

நம்மூரில் அது வேலை செய்யும் விதத்தை அமைச்சகம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஊர் எல்லையில் வேகத்தடை: பூட்டு. பள்ளிக்கூட வாசலில் அடுத்தடுத்து மூன்று: பூட்டு, பூட்டு, பூட்டு. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, ஜல்லியை மட்டும் கொட்டி மூடிய இடம்: பூட்டு. பாலமும் சாலையும் சேரும் இடத்தில் ஒரு தூக்கு: பூட்டு. பொழுது சாய்வதற்குள் கார் முப்பது முறை விபத்தில் சிக்கி, முப்பது முறையும் ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்ததாக அந்த அப்பாவி எந்திரம் கணக்கு எழுதியிருக்கும். பிறகு கார்டு நிறைந்துவிட்டது என்று கீச்சிடும். நிஜமாகவே ஒருவன் வந்து இடிக்கும் நேரத்தில் பதிவு நின்றுபோயிருக்கும். 'சென்சாரை லோ-வில் வையுங்கள்' என்பதுதான் பொருத்திக் கொடுப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை. அடுத்த யோசனை, 'ஆஃப் பண்ணிருங்க சார்.'

இதில் அமைச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.ஆர்.சி. 99 தெளிவாகவே சொல்கிறது: 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அலுங்காமல் ஏறி இறங்கலாம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, மேலே மாறி மாறிக் கறுப்பு வெள்ளைப் பட்டை. தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடையே கூடாது, இருப்பவற்றை அகற்றுங்கள் என்று 2016-ல் அமைச்சகமே சொல்லியும் இருக்கிறது. ஆனால் தெருவில் வேகத்தடை போடுகிறவர்களிடம் அந்தப் புத்தகம் இல்லை. மிச்சமிருக்கும் தார் எவ்வளவோ, அதுதான் உயரம்.

டைம்லாப்ஸ்காரர்களின் கதை வேறு. இரண்டு வினாடிக்கு ஒரு படம் எடுத்து, வினாடிக்கு 30 படம் என்று ஓட்டினால், திரையில் ஒரு வினாடி ஓடினால் சாலையில் ஒரு நிமிடம் ஓடிவிட்டது என்று அர்த்தம். ஐந்து மணி நேரப் பயணம் ஐந்து நிமிடத்தில் முடியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 44 மீட்டர் போய்விடும். அந்த 44 மீட்டருக்குள் எத்தனை பள்ளம் இருந்தாலும் தப்பித்துக்கொள்ளும். அந்த வகையில் சாலைத் துறைக்கு டைம்லாப்ஸைப் போல விசுவாசமான விளம்பரதாரர் வேறு யாருமில்லை.

சுங்கச்சாவடியில்தான் அது காட்டிக்கொடுக்கிறது. உச்ச நேரத்திலும் ஒரு வாகனத்துக்கு 10 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021 மே மாதம் அறிவித்தது. 10 வினாடி என்பது டைம்லாப்ஸில் ஐந்தே படம். கண் சிமிட்டினால் தவறவிடலாம். மரமும் லாரியும் மின்னலாய்ப் பறந்துகொண்டிருக்கையில், ஒரு லாரியின் பின்புறக் கதவு மட்டும் திரையில் மூன்று வினாடி அசையாமல் நின்றால், அது மூன்று நிமிடம். ஃபாஸ்டேக் எவ்வளவு வேகம் என்பதற்கு இதைவிட நேர்மையான கடிகாரம் மனுதாரர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி சட்டம். 2021 ஆகஸ்டில் வந்த விதி 167-ஏ, அபராதம் விதிக்கப் பயன்படும் மின்னணுக் கருவிகளின் பட்டியலில் டாஷ்போர்டு கேமராவையும் சேர்த்திருக்கிறது. ஆக, காருக்குள்ளிருந்து எடுக்கும் படத்தை நம்பலாம் என்பதில் அரசுக்குச் சந்தேகமில்லை. படம் எடுப்பவர் அரசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனுதாரர் எடுத்த படம் நீதிமன்றம் போக வேண்டுமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியைப் படத்தைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும் 'ஹாஷ்' எண்ணைக் குறிப்பிட வேண்டும். இது நியாயம், திருத்திய படத்தை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் அல்லவா? கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண் கேட்பதும் நியாயமே. கூடவே கருவியின் நிறத்தையும் கேட்கிறது படிவம். பெரும்பாலும் கறுப்புதான், ஐயா. வேறு நிறமாக இருந்தால் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, நெடுஞ்சாலைக்கு மேல் ஒரு கேமரா மிதப்பதுபோல் தெரியும். டாஷ்போர்டுப் பிள்ளையார் ஏற்கெனவே அப்படித்தான் எல்லாப் படத்திலும் ஆகாய மார்க்கமாக வந்துகொண்டிருக்கிறார்.

விளையாட்டு போதும். அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனங்களால் இறந்தவர்கள் 30,486 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒருவர் கண்ணாடியில் கேமரா ஒட்டுகிறார் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒட்டியும் பயன் சொற்பம். எதிரே வருபவர் ஹைபீமைப் போட்டதும் திரை முழுக்க வெள்ளை. அது தணியும்போது வண்டி கடந்துவிட்டிருக்கும். பின்பக்க நம்பர் பிளேட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். பழைய வண்டிகளில் இன்னும் கலைஞர்களின் கைவண்ணம்தான்.

மனுதாரர்களும் யோக்கியர்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் செல்போன், மறு கையில் ஸ்டியரிங், 'வணக்கம் நண்பர்களே' என்று லென்ஸைப் பார்த்துப் பேசிக்கொண்டே மலையேறுபவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது பிரிவு 184-ன் கீழ் அபாயகரமாக ஓட்டும் குற்றம். அவர்களுக்காக இந்த மனு வாதாடவில்லை. பிடித்துப்போட்டால் மகிழ்ச்சி. படத்தின் கீழ் மூலையில் ஜி.பி.எஸ். அச்சடிக்கும் வேகத்தை மறைத்துவிட்டுப் புகார் அனுப்புகிறவர்களையும் சேர்த்தே விசாரிக்கலாம்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் திட்டப் பணிகளை மாதந்தோறும் ட்ரோன் வைத்துப் படமெடுக்கச் சொல்கிறது. வெடிப்பையும் பள்ளத்தையும் லேசரால் அளக்கும் ஆய்வு வண்டிகளையும் ஓட்டுகிறது. பொதுமக்கள் படத்தோடு புகார் செய்ய 2023-ல் ராஜ்மார்க்யாத்ரா செயலியையும் தந்தது. நல்ல செயலிதான். ஆனால் பள்ளத்தில் விழுந்தவர் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, லாரிகளுக்கு நடுவே இறங்கிப் போய்ப் படமெடுத்தால், அடுத்த ஆண்டு அறிக்கையில் அவரும் ஓர் எண்ணாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இடமும் நேரமும் பதிந்த படம் ஏற்கெனவே கேமராவுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அதை அப்படியே அனுப்ப ஒரு வழி செய்து கொடுங்கள் என்பதே மனுதாரர்களின் கோரிக்கை. ஒரே இடத்தில் நூறு கார்களின் சென்சார் பூட்டு விழுந்தால், அங்கே நூறு விபத்து நடக்கவில்லை, ஒரு பள்ளம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை.

இது உடனடியாக இயலாதெனில், உள்ளாட்சி முதல் ஆணையம் வரை உரியவர்களுக்குச் சொல்லி, வேகத்தடைகளுக்கு வெள்ளைப் பட்டையாவது பூச ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார்கள். இரவில் பட்டையில்லாத வேகத்தடை கேமராவுக்கும் தெரிவதில்லை, ஓட்டுபவருக்கும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
முன்கண்ணாடி மனுதாரர்கள்