பிலிமா, டிஜிட்டலா? வேலூர்க் கல்யாண மேடையை முன்வைத்து ஓர் ஆய்வு

பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுவதா வேண்டாமா என்னும் கேள்வியை நுட்ப நூல்கள் மெகாபிக்சல் கணக்காகவே நடத்துகின்றன. நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரியின் வடகரையில் இருக்கும் பரமத்தி வேலூரின் கல்யாண மண்டபங்களில் வைத்து ஆராய்ந்தால், அது அதிகாரம் பற்றிய கேள்வி என்பது புலனாகும். மேடையில் யார் சொல்லுக்கு யார் அசையாமல் நிற்பது என்பதே அதன் உட்பொருள்.

காலவரிசை சுருக்கமானது. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சரக்கு தந்தது. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 வினாடி பிடித்தது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து அட்சதையும் தீர்ந்திருக்கும் என்பதால் வேலூர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 2003இல் கேனன் 300டி, 2004இல் நிக்கான் டி70 ஆகியவை ஆறு மெகாபிக்சல் சொச்சத்தோடு வந்த பிறகே கேள்வி ஸ்டூடியோ படியேறியது.

பிலிம் காலத்து அதிகாரத்துக்கு அடிப்படை 36 என்னும் எண். ஐந்து ரோல் என்று பேசிய கல்யாணத்தில் 180 படம். ஆனால் வெற்றிலைச் சுமையை 100 கவுளியில் நிறுத்தாமல் 104 கவுளி என்று கணக்கு வைத்திருக்கும் ஊரில், ரோலில் அச்சிட்ட எண்ணை முடிவான எண்ணாகக் கொள்வது வழக்கமல்ல. பிலிம் நுனியைச் சிக்கனமாகச் செருகினால் 37 கிடைக்கும், சில வேளை 38. அந்த உபரிப் படம் பாதி வெளுத்தும் வரக்கூடும். அதில் எந்தச் சொந்தக்காரரை நிறுத்துவது என்பது தனிக் கலை.

இணைச்சீர், தாலிகட்டு, தாய்மாமன், பங்காளிகள், சம்பந்திமார், பந்தி எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். மொய் எழுதிய கையோடு மேடையேறுவோருக்கோ கணக்கில்லை. இந்தப் பற்றாக்குறையில் பிறந்த உத்திதான் வெற்று பிளாஷ். கேமராவைக் கண்ணில் வைத்து, ஷட்டரைத் தொடாமல், பிளாஷின் சோதனைப் பொத்தானை மட்டும் அழுத்துவது அதன் இலக்கணம். ஒளி பளிச்சிடும், பிலிம் நகராது, எதிரே நின்றவர் மனம் குளிர்ந்து பந்திக்குப் போவார். யாருக்கு மெய்ப்படம், யாருக்கு வெற்றொளி என்பதை வீட்டார் சார்பில் பக்கத்தில் நிற்கும் ஒருவர் கண்சாடையால் தீர்மானிப்பார். இது ஏமாற்று அல்லவா என்று கேட்போர் உண்டு. ஆல்பத்தில் தன்னைத் தேடிக் காணாதவருக்காக, "அந்த ரோல் லேப்ல கெட்டுப் போச்சுங்க" என்ற விடை எப்போதும் கைவசம் இருந்தது. கேட்டவரும் அதை நம்பிவிட்டால் பகைக்கு வழியில்லை. ஆகவே இதனை உபசாரம் என்று வகைப்படுத்துவதே பொருந்தும்.

பிலிமில் குற்றம் ஓரிடத்திலும் விசாரணை வேறிடத்திலும் நடக்கும். ரோல் லேப்புக்குப் போய், 37.8 டிகிரி செல்சியஸில் டெவலப்பருக்குள் மூன்றேகால் நிமிடம் ஊறி, கழுவி, பிரிண்ட் ஆகி வருவதற்குள் மணமக்கள் மறுவீடே போய் வந்திருப்பார்கள். "அசையாதீங்க" என்ற ஒரு சொல்லுக்கு மாமனாரும் மூச்சடக்கி நின்றது, படம் எப்படி வந்தது என்று உடனே பார்க்க வழியில்லாததால்தான்.

டிஜிட்டல் கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரை இந்த ஆட்சியைக் கவிழ்த்தது. படம் எடுத்த மறுநொடியே மேல்முறையீடு. "ஏங்கண்ணு, நான் கண்ண மூடிட்டனாட்ட இருக்குது, இன்னொன்னு புடி" என்று ஒரு பெரியம்மா சொன்னால், ரோல் தீர்ந்துவிட்டது என்று மறுக்கப் போட்டோகிராபருக்கு இடமில்லை. அவர் முடிந்ததும் அவர் தங்கை. மாறுவதில் பலர் காட்டிய தயக்கத்துக்கு விலை மட்டும் காரணமல்ல என்று கருத இதுவே சான்று.

பிலிம் கட்சியாரின் வலுவான வாதம் வேட்டி. கலர் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் ஒளி கூடினாலும் தாங்கும். தொடக்க கால டிஜிட்டலில் வெயிலில் நின்ற வேட்டி, மடிப்பும் தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஒருமுறை அப்படி வெளுத்த இடத்தை எந்தக் கணிப்பொறியாலும் மீட்க முடியாது. டிஜிட்டல் கட்சியாரின் பதில் முகூர்த்தம். 100, 200 என்று மாட்டிய பிலிமின் வேகத்தை ரோல் முடியும்வரை மாற்ற இயலாது. டிஜிட்டலிலோ விடியலுக்கு முந்தைய மண்டபத்தில் 800க்கு ஏற்றி, வாசலுக்கு வந்ததும் 100க்கு இறக்கலாம். இரு கட்சியும் சரி என்பதால், ஜோசியர் குறித்த நேரத்தைக் கேட்டே கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது தர்க்கப்படி சரியான முடிவு. நடைமுறையில் யாரும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை.

வெள்ளி பற்றியும் ஒரு சொல். கலர் பிலிமைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளி முழுவதும் ஃபிக்சர் கரைசலில் கரைந்துவிடும். நெகட்டிவில் மிஞ்சுவது சாயம்தான். கரைந்த வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கலாம். பக்கத்துச் சேலம் கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பதால், எந்தத் தம்பதியின் தாலிகட்டு யார் காலில் கிணுகிணுக்கிறது என்பது இன்னும் ஆராயப்படாத துறை.

வாதம் முடியாமலே தீர்ப்பு வந்தது. வழங்கியது லேப். பிலிம் கழுவும் இயந்திரத்துக்கு நாள்தோறும் ரோல் வேண்டும். வரத்து குறைந்தால் ரசாயனம் காற்றுப் பட்டுக் கெடும், கெட்டால் நிறம் திரியும், திரிந்தால் வரத்து இன்னும் குறையும். டவுன்களில் லேப்புகள் ஒவ்வொன்றாக அந்த வேலையை நிறுத்தின. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. 2014இல் ஊட்டி ஆலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. கடைசிவரை யோசித்தவருக்கும் முதல் நாளே மாறியவருக்கும் ஒரே முடிவுதான் கிடைத்தது; யோசித்தவருக்குக் கேமரா விலை மலிந்து கிடைத்தது என்பதே வித்தியாசம்.

மாறியவர்களும் பழைய பிளாஷை மட்டும் கைவிட மனமின்றி வைத்திருந்தனர். அதில்தான் கடைசிச் செலவு ஒளிந்திருந்தது. பழைய பிளாஷ்கள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு. அவற்றை மாட்டினால் டிஜிட்டல் கேமராவின் மின்சுற்று கருகக்கூடும். ஆகவே பிளாஷும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. புதியதிலும் சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்திப் பார்த்தால், "எங்க, காட்டு கண்ணு" என்று ஒரு கை நீளும்.